பயிர் பதில்கள்: கதிரு, கொத்து, பாளை

இந்த மாசம் வந்த கேள்வியெல்லாம் பிரிச்சு வச்சுப் பாத்தா பாதிக்கு மேல கதிரு, பூங்கொத்து சம்பந்தமாத்தான் இருக்கு. மேலூர்ல இருந்து நெல்லு, அழகர்கோவில்ல இருந்து மா, கம்பத்துல இருந்து திராட்சைனு வந்ததால இந்தத் தடவை மத்த கேள்விய தள்ளி வச்சுட்டு இதுக்கே முழுசா பதில் சொல்லிடறேன், மாட்டுக்கு மடிநோய் பத்தி கேட்டவங்க அடுத்த இதழ் வரைக்கும் பொறுத்துக்கங்க.

கேள்வி: ஐயா வணக்கம். ஆந்திரா பொன்னி போட்டிருக்கேன். கதிர் நல்லா நீளமா வந்துச்சு, பாத்தவுக எல்லாம் இந்த வருசம் ஒனக்குத்தாய்யா விளைச்சல்னு சொல்லிட்டுப் போனாக. இப்ப அறுக்கப் போற நேரத்துல கதிரைப் புடிச்சுப் பாத்தா மேல்பாதி மணி திரண்டிருக்கு, அடிப்பாதி பூராம் பதரு. ஒரம் எதுலயும் கொறை வைக்கல. என்ன காரணம்?
(விவசாயி, மேலூர் பக்கம்)

பதில்: அண்ணே, ஒரு கதிரை ஒடிச்சு வெள்ளைத் துணியில வச்சு விரிச்சுப் பாருங்க. நடுவுல ஒரு தண்டு, அதுல 8ல இருந்து 10 கணு, ஒவ்வொரு கணுவுல இருந்தும் கிளை, அந்தக் கிளையில இருந்து இன்னும் குட்டிக் கிளை, அந்தக் குட்டிக் கிளை நுனியில எல்லாம் காம்போட ஒவ்வொரு மணி. இந்தக் குட்டிக் கிளைங்க மேல்பக்கம் கம்மியா இருக்கும், அடிப்பக்கம்தான் நெறைய இருக்கும். ஒங்க கடைமடைக்காரங்களுக்கு இதை விளக்கவே வேண்டாம், பெரியாறு மெயின் கால்வாய், அதுல இருந்து கிளை வாய்க்கா, அதுல இருந்து வயக்கா வாய்க்கா, கடைசி வயலுக்கு தண்ணி கடைசியாத்தான் வரும், மேல எடுத்தது போக மிச்சம்தான் வரும். கதிர்லயும் அதே கதைதான் நடக்குது.

நெல்லு பூக்குறது நுனியில ஆரம்பிச்சு கீழ எறங்கும். ஒரு கதிரு முழுசா பூத்து முடிக்க ஒரு வாரம் பக்கம் ஆகும். முதல்ல பூத்த மேல்மணிங்க இலையில இருந்து வர்ற சத்தை முதல்ல இழுக்க ஆரம்பிச்சுரும், அடியில இருக்குற குட்டிக் கிளை மணி பூத்து கரு புடிக்கிறதுக்குள்ள மேல உள்ளது பாதி பால் ஏறி நிக்கும். அப்புறம் என்ன, பயிருக்கு சத்து பத்தலைன்னா கடைசியா வந்தவன் பட்டினி. இதுல இன்னொரு விசயம் கூர்ந்து பாத்தா தெரியும், ஒரு கிளையை மட்டும் தனியா எடுத்துப் பாத்தா நுனி மணி முதல்ல பூக்கும், அதுக்கு அடுத்து அடிமணி, அப்புறம் கீழ இருந்து மேல வரும், ஆகக் கடைசியா பூக்குறது நுனிக்கு அடுத்த ரெண்டாவது மணி. கதிரு ஏறக்குறைய பூரா திரண்டிருக்குற வயல்லயும் அந்த ரெண்டாவது மணி மட்டும் சூம்பி நிக்கிறத நெறைய கதிர்ல பாக்கலாம், ஒங்க கதிர்லயும் பாருங்க.

ஆனா அடிப்பாதி பூராமே பதருன்னா அது சாதாரணம் இல்ல. மூணு எடத்துல தப்பு நடந்திருக்கலாம். முதல்ல தண்ணி. கதிரு வெளிய தலை காட்டுறதுக்கு சுமார் 10 நாள் முன்னாடி, நம்ம ஆளுக தொண்டைக்கதிருனு சொல்ற நேரம், உள்ள மகரந்தம் உருவாகிட்டு இருக்கும், அப்ப வயல் காஞ்சு வெடிச்சா மகரந்தம் செத்துரும், வெளிய கதிரு அழகா வரும் ஆனா மணி ஏறாது. கடைமடையில முறைத்தண்ணி தள்ளிப்போற நேரமும் இதுவும் ஒண்ணா விழுந்தா அம்புட்டுதான். கெணத்துத் தண்ணி கொஞ்சமா இருந்தா நடவு முடிஞ்ச கையோட தாராளமா விட்டுத் தீக்காம இந்த 20, 25 நாளுக்குன்னு அதைப் பத்திரமா வச்சிருங்க.

ரெண்டாவது ஒரம். ஒரம் கொறை வைக்கலைன்னு எழுதியிருக்கீக, எப்ப போட்டீகன்னு எழுதல. யூரியா, பொட்டாஷ் ரெண்டையும் அடியொரத்தோடவும் தூர் கட்டும்போதும் மட்டும் போட்டு முடிச்சுட்டா கதிருக்கு ஒண்ணும் மிச்சம் இருக்காது. நாலா பிரிக்கச் சொல்றாங்க, அடியொரம், தூர் கட்டுறப்ப, கதிரு உருவாகுறப்ப, கதிரு வெளிய வர்றப்ப. இந்த மூணாவதுதான் எல்லாரும் விடுறது, ஏன்னா கதிரு உருவாகுறது கண்ணுக்குத் தெரியாது. நாத்து நட்ட நாளை வச்சுக் கணக்குப் போடுறத விட தூரைப் பிளந்து பாக்குறது நல்லது. வயல் நடுவுல இருந்து பெரிய தூரா ஒண்ணு புடுங்கி, தாய்த்தண்டை அடியில இருந்து பிளேடால நீளவாக்குல ரெண்டா பிளந்து பாருங்க, மேல்கணுவுக்கு மேல வெள்ளையா, பஞ்சு மாதிரி முடியோட, 1 இல்ல 2 மில்லிமீட்டர் நீளத்துல ஒரு முனை தெரியும். அதுதான் ஒங்க கதிரு. கிளை எத்தனை, மணி எத்தனைங்கிற கணக்கு அதுக்கு அடுத்த நாள்கள்லதான் ஓடுது. அங்கிருந்து கதிரு வெளிய வர சுமார் 25 நாள், வெளிய வந்து அறுக்க இன்னொரு 30 நாள், எந்த ரகமா இருந்தாலும் இந்தக் கணக்கு பெருசா மாறாது, குறுவை ரகமும் நீண்ட நாள் ரகமும் வித்தியாசப்படுறது அதுக்கு முன்னாடி இருக்குற நாள்லதான். பொட்டாஷ் மணிக்கு மாவு போய்ச்சேர உதவுற சத்து, அதைக் கடைசித் தடவை வரைக்கும் பிரிச்சு வச்சுக்கங்க. யூரியா மட்டும் கூடுதலா போட்டு பயிர் கருகருன்னு நின்னா குலைநோய்தான் வரும், ஆந்திரா பொன்னி அந்த நோய்க்கு சீக்கிரம் ஆளாகுற ரகம்.

மூணாவது வெயில். நெல்லுப்பூ காலையில ஒரு 9 மணிக்கு மேல மதியத்துக்குள்ள தொறக்கும், ஒரு பூ ஒரு மணி நேரம் பக்கம்தான் தொறந்திருக்கும், ரெண்டு உமியும் வாய் பிரிஞ்சு ஆறு மகரந்தப்பையும் வெளிய தொங்கும், அப்புறம் மூடிக்கும், அவ்வளவுதான் அதுக்கு வாய்ப்பு. அந்த நேரத்துல 35 டிகிரிக்கு மேல போனா மகரந்தப்பை சரியா வெடிக்காது, மணி பதராகும். கோடை நெல்லு போடுறவுக பூக்குறது சித்திரை வெயில்ல மாட்டாம விதைக்கிற தேதியப் பாத்துக்கணும். மருந்து அடிக்கிறவுகளும் பூ எடுத்திருக்குற வயல்ல காலையில அடிக்காதீக, சாயந்தரம் அடிங்க.

அறுவடைக்கு முன்னாடி இதையும் பாத்துருங்க. கதிரு முழுசா வெளுத்து, இழுத்தா கையோட உருவிட்டு வந்தா அது தண்டு துளைப்பான், கதிரோட கழுத்து கருப்பாகி ஒடிஞ்சு தொங்குனா கழுத்துக் குலைநோய், மணியில கருப்புப் புள்ளியோட பாதி திரண்டு நின்னா பால் பிடிக்கிறப்ப கதிர்நாவாய்ப்பூச்சி உறிஞ்சிருக்கு. இந்த மூணும் இல்லாம அடிமணி மட்டும் வெறும் பதருன்னா நான் மேல சொன்ன கணக்குதான்.

இன்னொண்ணு சொல்லணும். கதிர்ல மணி எண்ணிக்கை கூடுனா விளைச்சல் கூடிரும்னு நெனைக்கிறோம். 2005ல ஜப்பான்ல ஒரு ஜீனைக் கண்டுபிடிச்சாங்க, ஜிஎன்1ஏனு பேரு, அது வேலையக் கொறைச்சா கதிரு உருவாகுற எடத்துல சைட்டோகைனின்ங்கிற ஹார்மோன் சேந்து கிளையும் மணியும் கூடுது. பெரிய கண்டுபிடிப்பு, சந்தேகமே இல்ல. ஆனா கூடுன மணி பூராவும் அடியில உள்ள குட்டிக் கிளையில வந்து உக்காந்தா அதை நிரப்புறதுக்கு சத்து எங்க இருந்து வரும்ங்கிறது அடுத்த கேள்வி. விதை வாங்குறப்ப கதிரு நீளத்தைப் பாக்காதீக, அடிமணி நிரம்பியிருக்கான்னு கேளுங்க.

கேள்வி: எங்க அம்மாச்சி காலத்துல தலை விரிச்ச மாதிரி தொங்குற சோளம் இருந்துச்சாம், இப்ப உருண்டையா இறுக்கமாத்தான் கெடைக்குது. எது நல்லது? அப்புறம் கம்புக்கு ஏன் கிளையே இல்ல?
(வாசகி, பேரையூர்)

பதில்: ரெண்டுக்கும் அதுக்குன்னு எடம் இருக்குங்க. இறுக்கமான கதிர்ல மணி நெறைய அடங்கும், ஆனா முத்துற நேரத்துல மழை வந்துச்சுன்னா உள்ள புகுந்த ஈரம் காயாது, பூஞ்சணம் புடிச்சு மணி கருத்துரும், கதிர்ப்புழுவும் உள்ள பதுங்கிக்கிட்டா மருந்தும் படாது பறவையும் கொத்தாது. விரிஞ்ச கதிர்ல காத்து உள்ள போய் வரும், சீக்கிரம் காஞ்சுரும். ஐப்பசி, கார்த்திகை மழையில கதிரு மாட்டுற மாதிரி விதைச்சா விரிஞ்ச ரகம் நிக்கும், தை மாசம் பனியில முத்துற மாதிரி விதைச்சா இறுக்கமானது போதும். பழைய விதை யார்கிட்டயாவது ஒரு படி இருந்தாக்கூட வாங்கி வரப்போரம் ரெண்டு பாத்தியாவது போட்டு வைங்க, போனா திரும்ப வராது.

சோளக்கதிர்ல ஒரு சின்னக் கிளையக் கிள்ளி நகத்தால பிரிச்சா மணி சோடி சோடியா இருக்குறது தெரியும், ஒண்ணு காம்பில்லாம ஒட்டி உக்காந்திருக்கும், அதுதான் மணியாகும், பக்கத்துலயே காம்போட ஒண்ணு நிக்கும், அது ஆண்பூவா இருந்துட்டு இல்லன்னா சும்மா இருந்துட்டுப் போயிரும்.

கம்புக்குக் கிளை இருக்கு! ரொம்பக் குட்டையா இருக்குறதால வெளிய தெரியல. பச்சைக் கதிரை குறுக்கால வெட்டிப் பாருங்க, நடுத்தண்டைச் சுத்தி சின்னச் சின்னக் காம்பு வெளிய நீட்டியிருக்கும், ஒவ்வொரு காம்புலயும் பூவும் அதைச் சுத்தி முடியும் இருக்கும். இதுல முக்கியமான விசயம், கம்புல பொம்பளப்பூ முதல்ல வரும், கதிரு மேல வெள்ளையா இறகு விரிச்ச மாதிரி தெரியுறது சூல்முடி, ரெண்டு மூணு நாள் கழிச்சுத்தான் மகரந்தம் வரும், அதனால தன்னோட மகரந்தம் தனக்குக் கெடைக்காம அடுத்த செடியோடதுதான் கெடைக்கும். இந்த இடைவெளியில தொடர்ந்து மழை பேஞ்சு மகரந்தம் வந்து சேரலைன்னா அந்தச் சூல்முடி வழியா தேன் ஒழுகல் நோய் உள்ள போயிரும், மகரந்தம் பட்ட சூல்முடி உடனே வாடிரும், நோய்க்கு வழி கெடைக்காது. அதான் பூக்குற நேரத்துல நாலு நாள் வெயில் அடிச்சா கம்பு தப்பிச்சுக்குதுன்னு பெரியவுக சொல்றாக. கதிர்ல இளஞ்சிவப்பா பிசுக்குனு தேன் வடிஞ்சா அந்தக் கதிரை விதைக்கு எடுக்காதீக, மாட்டுக்கும் போடாதீக.

கேள்வி: மக்காச்சோளம் உச்சியில வர்ற பூவ ஒடிச்சு மாட்டுக்குப் போடலாமா? பக்கத்துக் காட்டுக்காரர் ஒடிக்கிறாரு.
(டி.கல்லுப்பட்டி)

பதில்: கதிர்ல உள்ள பட்டுமுடி பழுப்பாகி வாடுற வரைக்கும் ஒடிக்காதீங்க. உச்சியில கிளை விட்டு நிக்கிறது பூராம் ஆண்பூ, மகரந்தம் அங்க இருந்துதான் கீழ விழணும், பக்கத்துல இருக்குற கதிர்ல தொங்குற ஒவ்வொரு முடியும் உள்ள ஒவ்வொரு மணியோட ஒட்டியிருக்கு, ஒரு முடிக்கு மகரந்தம் விழலைன்னா அந்த மணி இருக்காது, கதிரு பொக்கைவாயாத்தான் வரும். முடி வாடுனதுக்கு அப்புறம் ஒடிச்சுப் போட்டா நட்டமில்ல, மருந்து அடிச்சிருந்தா மட்டும் மாட்டுக்குப் போட வேண்டாம். பக்கத்துக் காட்டுக்காரர் வீரிய விதைக்குன்னு கம்பெனிக்கு விளைவிக்கிறவரா இருந்தா அவர் பெண்வரிசையில மட்டும் ஒடிப்பாரு, அது வேற கணக்கு.

கேள்வி: எங்க தோட்டத்துல மாமரம் பூ பூத்துச்சுன்னா எலையே தெரியாது. ஒரு கொத்துல ஆயிரக்கணக்குல பூ. கடைசியில கொத்துக்கு ஒண்ணோ ரெண்டோதான் நிக்குது, பாதிக் கொத்துல அதுவும் இல்ல. மருந்துக்கடையில கேட்டா நாலு டப்பா எடுத்து வைக்கிறாங்க. எதை நம்புறது?
(அழகர்கோவில் அடிவாரம்)

பதில்: முதல்ல மனசைத் தேத்திக்கங்க, கொத்துக்கு ஒண்ணு ரெண்டு நிக்கிறதுதான் மா. ஒரு கொத்துல சில நூறுல இருந்து சில ஆயிரம் பூ வரைக்கும் இருக்கும், அதுல நூத்துக்கு ஒண்ணு கூட பழமா வர்றதில்ல, உலகம் பூரா அப்படித்தான். காரணத்தை கொத்துலயே பாக்கலாம். பூத்த கொத்து ஒண்ணை ஒடிச்சு வந்து ஒவ்வொரு பூவாப் பாருங்க, பாதிக்கு மேல நடுவுல ஒண்ணும் இருக்காது, அது வெறும் ஆண்பூ. மிச்சத்துல நடுவுல மஞ்சளா பச்சையா உருண்டையா ஒரு பொட்டு உக்காந்திருக்கும், அதுக்குப் பக்கவாட்டுல ஒரு சூல்தண்டு, அதுதான் காய் ஆகக்கூடிய பூ. ஒரு பூவுல அஞ்சு மகரந்தத்தண்டு இருந்தாலும் பெரும்பாலும் ஒண்ணே ஒண்ணுலதான் மகரந்தம் இருக்கும். இம்புட்டு கொஞ்சமா இருக்குற மகரந்தத்தை ஈ, தேனீ, எறும்பு இதுகதான் தூக்கிட்டுப் போகணும், அதுலயும் ஈதான் முக்கியமான ஆளு.

அதனாலதான் நான் கெஞ்சிக் கேட்டுக்கிறேன், பூ முழுசா விரிஞ்சு நிக்கிறப்ப பூச்சி மருந்து அடிக்காதீங்க. தத்துப்பூச்சிக்குன்னு அடிக்கிற மருந்து ஈயையும் தேனீயையும் சேத்துக் கொன்னுரும், தத்துப்பூச்சி ஒழிஞ்சது மட்டும் கண்ணுக்குத் தெரியும், காய் புடிக்காததுக்கு அடுத்த மருந்து வாங்கப் போவீங்க. மார்கழி, தையில மொட்டுக்கொத்து விரல் நீளம் வந்திருக்குறப்ப மரத்துக்குள்ள போய் நில்லுங்க, தத்துப்பூச்சி இருந்தா டப்டப்னு இலையில தெறிக்கிற சத்தம் கேக்கும், முகத்துல வந்து விழும், எலையில பிசுக்கு இருக்கும், கொஞ்ச நாள்ல அந்தப் பிசுக்கு மேல கரும்பூஞ்சணம் படரும். இருந்தா அப்ப அடிங்க, அடுத்தது காய் பட்டாணி அளவு வந்ததுக்கு அப்புறம் பாத்துக்கலாம். நடுவுல கைய வைக்காதீங்க.

பனி வெக்கை ரெண்டும் மாறி மாறி வர்ற நேரத்துல கொத்து மேல வெள்ளையா மாவு தூவுன மாதிரி இருந்தா அது சாம்பல் நோய், அதுக்கு நனையும் கந்தகம் லிட்டருக்கு 2 கிராம் போதும், உச்சி வெயில்ல அடிக்காதீங்க கருகிரும். கொத்து நீளாம ஒரே எடத்துல பூங்கோசு கணக்கா திரண்டு நின்னா அது உருச்சிதைவு, பூஞ்சணத்தால வர்றது, வடநாட்டுல பெரிய தொல்லை, நம்ம பக்கம் கம்மிதான், பாத்தா கொத்துக்குக் கீழ ஒரு முழம் கிளையோட வெட்டி எரிச்சுருங்க.

ஒரு வருசம் காச்சு மறுவருசம் காயாம நிக்கிறதும் கொத்தோட சேந்த விசயம்தான். மாவுல பூங்கொத்து கிளை நுனியில வரும், போன தடவை தளிர் விட்டு முத்திப்போன நுனியிலதான் வரும். இந்த வருசம் பழம் சுமந்த கிளை அறுப்பு முடிஞ்சதும் உடனே தளிர் விட்டாத்தான் தை மாசத்துக்குள்ள அது முத்தி பூக்குற நெலைக்கு வரும், லேட்டாத் தளிர் விட்டா அந்தக் கிளை அந்த வருசம் வெறும் எலைதான். அறுப்பு முடிஞ்ச கையோட காஞ்ச குச்சி, பழைய கொத்துக் காம்பு இதெல்லாம் கழிச்சுவிட்டு எரு வச்சு தண்ணி கட்டுங்க, அந்த நாலு டப்பா காசை இதுக்குச் செலவழிங்க. கொட்டுற பிஞ்சைப் பாத்து வருத்தப்படாதீங்க, பொறுக்கி வடு போடுறவங்களுக்கு அது சித்திரை வரைக்கும் வருமானம்.

கேள்வி: கரும்பு பூத்துருச்சு. வெட்டு உத்தரவு இன்னும் வரல. பூத்த கரும்புல சக்கரை இருக்காதுங்கிறாங்களே?
(சோழவந்தான் பக்கம்)

பதில்: பூத்த உடனே சக்கரை போயிராது, கொஞ்ச நாளைக்கு கூடக்கூட செய்யும், ஏன்னா கரும்பு வளர்றத நிறுத்திட்டு இருக்குற சத்தைத் தண்டுல சேக்குது. உச்சிக்குருத்துதான் அந்த வெள்ளைக் கொத்தா மாறுது, அதனால அந்தக் கரும்புல இனிமே புதுக் கணு வராது. தொல்லை அதுக்கப்புறம்தான், ரொம்ப நாள் விட்டீங்கன்னா மேல்கணு உள்ள சக்கையாகி வெள்ளை விழும், பக்கக் கண்ணெல்லாம் முளைக்க ஆரம்பிச்சு சேத்து வச்ச சக்கரைய எடுத்துச் சாப்பிடும், எடை கொறையும். சக்கரை ஆலையோட கரும்பு கோட்ட ஆளுகிட்ட பூத்த வயலுக்கு முன்னுரிமை கேட்டு எழுதிக் குடுங்க, வாயால சொன்னா போதாது. பூக்குறத நிறுத்த இப்ப ஒண்ணும் செய்ய முடியாது, ஆவணி புரட்டாசியில பகல் பொழுது பன்னெண்டரை மணி நேரத்துக்கு வர்றப்பவே குருத்து உள்ள முடிவு எடுத்துரும், நீங்க கொத்தைப் பாக்குறது ரெண்டு மாசம் கழிச்சு. அடுத்த நடவுக்கு பூக்காத இல்ல கம்மியா பூக்குற ரகமாக் கேட்டு வாங்குங்க.

கரும்பு பூக்குறது விவசாயிக்கு நட்டம்தான், ஆனா அது கோயம்புத்தூர்ல பூத்ததாலதான் 1912ல அங்க கரும்பு ஆராய்ச்சி நிலையம் வந்துச்சு, பூ இல்லாம ஒட்டுச் சேக்க முடியாதுல்ல. அங்க இருந்த விஞ்ஞானிங்க பார்பரும் நம்ம டி.எஸ். வெங்கட்ராமனும் சேந்து தடிக்கரும்பையும் ஆத்தோரம் காடா மண்டிக் கெடக்குற நாணலையும் ஒட்டுக்கட்டி கோ 205ங்கிற ரகத்தை 1918ல வெளிய விட்டாங்க. வைகைக்குள்ள வெள்ளை வெளேர்னு பூத்து நிக்கிற நாணலை யாரும் திரும்பிப் பாக்குறதில்ல, ஆனா நம்ம வயல்ல நிக்கிற இன்னைக்குக் கரும்போட ரத்தத்துல அது இருக்கு.

கேள்வி: மல்லியில ஒரே காம்புல மூணு மொட்டு வந்தா நடுமொட்டு மட்டும் முன்னாடி பெருசாகிருது, ரெண்டு பக்கமும் சின்னதா நிக்குது, பறிக்க ரெண்டு தடவை வேண்டியிருக்கு. ஒண்ணா வரவைக்க வழி இருக்கா?
(பூ விவசாயி மனைவி, திருமங்கலம்)

பதில்: இல்லம்மா, அது மல்லியோட பிறவிக்குணம். மல்லிக்கொத்துல கிளை நுனி மொட்டாவே முடிஞ்சுரும், அப்புறம்தான் அதுக்குக் கீழ ரெண்டு பக்கமும் அடுத்த மொட்டு வருது, அதனால நடுமொட்டுதான் எப்பவும் மூத்தது. ஒரே நாள்ல பறிக்கணும்னு பக்கமொட்டையும் சேத்துக் கிள்ளுனா எடையும் வராது, விலையும் கிடைக்காது. கொத்து நெறைய வரணும்னா கார்த்திகை நடுவுல, நவம்பர் கடைசி வாரம், தரையில இருந்து 50 சென்டிமீட்டர் விட்டுக் கவாத்து பண்ணுங்க, அதாவது மேல உள்ள கிளைய வெட்டி விடுங்க, புதுசா வர்ற கிளையிலதான் பூ. 2013ல மதுரை மல்லிக்குப் புவிசார் குறியீடு வாங்குனாங்க, அந்தப் பேருக்கு உள்ள விலை ஒங்க கைக்கு முழுசா வந்து சேரணும்ங்கிறதுதான் எனக்கு இருக்குற ஆசை.

கேள்வி: பன்னீர் திராட்சையில இந்தத் தடவை கவாத்து பண்ணி வந்த தளிர்ல கொலை வரவேண்டிய எடத்துல எல்லாம் சுருள்கம்பிதான் வருது. கவாத்து தப்பா?
(கம்பம்)

பதில்: திராட்சையில சுருள்கம்பியும் கொலையும் ஒரே மொளையில இருந்து வர்றது, ரெண்டும் எலைக்கு எதிர்ப்பக்கம் ஒரே எடத்துலதான் முளைக்கும். கொடியில உள்ள கண்ணுக்குள்ள அந்த மொளை உருவாகுறப்ப நல்ல வெளிச்சமும் சாப்பாடும் கெடைச்சா கிளை கிளையாப் பிரிஞ்சு கொலையாகுது, கெடைக்கலைன்னா கம்பியாவே நின்னுருது. பாதி கம்பியும் பாதி கொலையுமா நாலு பிஞ்சோட ஒண்ணு கண்டிப்பா ஒங்க பந்தல்ல இருக்கும், தேடிப் பாருங்க. ஆக தப்பு இந்தக் கவாத்துல இல்ல, போன காய்ப்புல பந்தல் அடர்ந்து கெடந்து கண்ணுக்கு வெயில் படல, இல்ல காய் கூடுதலா விட்டு கொடி ஓஞ்சு போச்சு, இல்ல மழை மூட்டமாவே போயிருச்சு. இப்ப வர்ற தளிரை நெருக்கமில்லாம கழிச்சு பந்தல்ல பரத்திக் கட்டுங்க, அடுத்த கவாத்துல வர வேண்டிய கொலை இந்தத் தளிர்ல உள்ள கண்ணுலதான் உருவாகப் போகுது.

கேள்வி: தென்னம்பாளை வெடிச்சு ஒரு மாசத்துல குரும்பை பாதிக்கு மேல கொட்டிருது. பாளையும் முன்ன மாதிரி பெருசா இல்ல. போன வருசமும் இந்த வருசமும் நல்ல மழைதான்.
(வாடிப்பட்டி)

பதில்: பாளையப் பிரிச்சா கிளை கிளையா வர்ற கதிர்ல மேல பூராம் சின்னச் சின்ன ஆண்பூ, ஆயிரக்கணக்குல, கிளையோட அடியில மட்டும் ஒண்ணு ரெண்டு குரும்பை, அதான் பெண்பூ. நெட்டை ரகத்துல ஆண்பூ எல்லாம் கொட்டி முடிஞ்சதுக்கு அப்புறம்தான் குரும்பை மகரந்தத்துக்குத் தயாராகும், அதனால தன் பாளை மகரந்தம் அதுக்கு உதவாது, வேற பாளையில இருந்து, பக்கத்து மரத்துல இருந்து வரணும். பாதிக்கு மேல குரும்பை கொட்டுறது தென்னையில சகஜம். அதுக்கும் மேல கொட்டுனா போரான் பத்தாக்குறையா, தண்ணி தேங்குதான்னு பாருங்க, மண்ணைக் குடுத்துச் சோதிச்சுருங்க.

பாளை சின்னதானதுக்குக் காரணத்தை இந்த வருசத்துல தேடாதீங்க. இன்னைக்கு வெடிக்கிற பாளை மரத்துக்குள்ள உருவாக ஆரம்பிச்சு சுமார் 32 மாசம் ஆச்சு. அந்த நேரத்துல ஒங்க பக்கம் வறட்சியா இருந்துச்சா, கெணறு வத்துச்சா, எரு வைக்காம விட்டீங்களான்னு யோசிங்க. இப்ப மழை நல்லா இருக்குன்னு சந்தோசப்படுங்க, அதோட பலன் ரெண்டரை வருசம் கழிச்சு வர்ற பாளையில தெரியும். அதுவரைக்கும் மரத்தை வெட்டிப் போடலாமான்னு யோசிக்கவே யோசிக்காதீங்க.

கேள்வி: வேப்பம்பூ காய வைக்கப் பறிச்சா மரத்துக்கு, வேப்பங்கொட்டைக்குக் கெடுதலா?
(இல்லத்தரசி, செல்லூர்)

பதில்: கொத்தை ஒடிக்காதீங்கம்மா, மரத்தடியில ராத்திரியே சுத்தமான வேட்டி விரிச்சு வச்சுருங்க, காலையில உதுந்து கெடக்குறத அள்ளிக்கலாம். வேப்பங்கொத்துலயும் ஆண்பூ கலந்துதான் இருக்கும், உதுருறதுல பெரும்பாதி காய் புடிக்காத பூதான், கொட்டைக்கு ஒண்ணும் கொறைவு வராது. நிழல்ல காய வைங்க.

கேள்வி: ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பூங்கொத்து வகை நடத்தணும். புத்தகத்துல உள்ள படத்துல ஒண்ணு கூட இங்க விளையிற செடி இல்ல. பள்ளிக்கூடத்தைச் சுத்தி புல்லு மட்டும்தான் இருக்கு.
(ஆசிரியை, ஒத்தக்கடை)

பதில்: புல்லு போதும் டீச்சர், புல்லே எல்லாத்தையும் காட்டும். அருகம்புல் பூத்து நிக்கிறதப் புடுங்குங்க, தண்டு நுனியில ஒரே புள்ளியில இருந்து மூணு, நாலு, அஞ்சு விரல் விரியும், கேழ்வரகும் இந்த ஜாதிதான், வீட்டுல இருந்து ஒரு கேழ்வரகுக் கதிரு கொண்டாரச் சொல்லி பக்கத்துல வைங்க. கொழுக்கட்டைப்புல் வரப்போரம் எங்கயும் இருக்கும், முடி முடியா ஒத்தைக் கதிரா தெரியும், உருவிப் பாத்தா முடியோட சேந்து ஒவ்வொரு கொத்தாக் கழண்டு வரும். அடுத்து வயல்ல களையா வர்ற காட்டுக் குதிரைவாலி, நடுத்தண்டுல படிப்படியா கிளை, ஆனா கிளையில மறுகிளை கெடையாது. கடைசியா நெல்லு இல்ல சாமை, அதுல கிளையில இருந்து கிளை. இந்த நாலையும் வரிசையா வெள்ளைத்தாள்ல ஒட்டி நடுத்தண்டை சிவப்பு பேனாவால, முதல் கிளைய நீலத்துல, மறுகிளையப் பச்சையில வரையச் சொல்லுங்க, எந்தப் பிள்ளைக்கும் ஆயுசுக்கும் மறக்காது. பத்து ரூபா பூதக்கண்ணாடி ஒண்ணு ரெண்டு வாங்கிக்கங்க.

ஒங்க ஊர்லயே 1965ல இருந்து வேளாண்மைக் கல்லூரி இருக்கு, முன்கூட்டியே லெட்டர் குடுத்து பிள்ளைகள சோளம், கம்பு வயல்ல ஒரு நடை கூட்டிட்டுப் போகக் கேட்டுப் பாருங்க. புல்லு பாக்கப் போறதுன்னா மழை ஓஞ்ச கார்த்திகை, மார்கழியில காலையிலயே போயிருங்க, மகரந்தப்பை தொங்குறதையும் பாத்துரலாம், மாசி வந்துட்டா விதையெல்லாம் உதுந்து வெறும் காம்புதான் மிஞ்சும்.